உலகம் தாவும் இனிப்புக் காதல் தொடர்கள்: இழுப்பது எது, சறுக்குவது எங்கே

நாகர்கோவில் டவுனில் காலை ரயில் ஏறினால் இரணியல் தாண்டிக் குழித்துறை வருவதற்குள் கைப்பேசியில் ஓர் இணையத் தொடரின் மூன்று எபி (எபிசோடு) படித்துவிடலாம். சாயங்காலம் திரும்பும்போது இன்னொரு மூன்று. ஓர் உலகத்துக்கு, அதாவது நாயகி போய் வாழும் ஒரு கதைக்கு, முப்பது எபி என்று வைத்துக்கொண்டால், திங்கட்கிழமை தொடங்கிய காதல் வெள்ளிக்கிழமை கல்யாணத்தில் முடியும். திருவனந்தபுரத்துக்கு வேலைக்கும் படிப்புக்கும் போய்வருகிற பெண்களிடம், நாயகி உலகம் விட்டு உலகம் தாவும் இந்த வகைக் காதல் தொடர்கள் ஒட்டிக்கொண்டதில் அந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. இருபது நாளாக அடுத்த யூடி (அப்டேட், புதிய எபி) வருமா என்று ஏங்கவேண்டாம். ஹீரோ சந்தேகப்பட்டு ஹீரோயினைத் துரத்திவிடுவானோ என்று பதறவும் வேண்டாம்.

பழக்கமில்லாதவர்களுக்கு அமைப்பைச் சொல்லிவிடலாம். நாயகி முதல் எபியிலேயே செத்துப்போவாள், அல்லது சாகக் கிடப்பாள். ‘சிஸ்டம்’ என்ற ஒரு குரல் அவள் தலைக்குள் வந்து பேசும். ஒரு கதைக்குள்ளோ வேறொரு காலத்துக்குள்ளோ அவளை அனுப்பும். அங்கே ஏற்கெனவே இருக்கிற ஒருத்தியின் உடம்பில் இவள் விழிப்பாள். அந்த ஒருத்தி பெரும்பாலும் கதையில் பலிகடா: கணவனால் கைவிடப்பட்டவள், தங்கையின் சூழ்ச்சியில் சிக்கியவள், பத்துப் பக்கத்துக்குள் சாகப்போகிறவள். அவள் தலையெழுத்தை மாற்றுவதுதான் பணி. பணி முடிந்தால் மதிப்பெண், பிறகு அடுத்த உலகம். இதில் இனிப்பான வகைக்கென்று ஒரு கூடுதல் விதி உண்டு. எந்த உலகத்துக்குப் போனாலும் அவளைக் காதலிக்கிறவன் ஒருவனே. பெயர், முகம், தொழில் எல்லாம் மாறும், உயிர் அதேதான்.

ஓர் உலகத்தின் உள்கட்டு ஏறக்குறைய இப்படிப் போகும். முதல் எபியில் கண் விழிப்பு, உடம்புக்காரியின் நினைவுகள் மொத்தமாக வந்து இறங்குதல். இரண்டிலும் மூன்றிலும் இந்தக் கதை எப்படிப் போகவிருந்தது என்ற தகவல். ஆறுக்குள் ஹீரோ வந்துவிட வேண்டும். பத்துக்குள் முதல் மூக்குடைப்பு: அவளை ஏளனம் செய்த உறவுக்காரியோ பழைய காதலனோ நாலு பேர் முன்னால் வாயடைத்து நிற்க வேண்டும். பதினைந்திலிருந்து இருபத்தைந்து வரை கொஞ்சலும் அக்கறையும். அதற்கு மேல் ஒரு சின்ன முடிச்சு வரும். இரண்டு எபிக்குள் அது அவிழாவிட்டால் வாசகர்கள் கருத்துப் பெட்டியில் சண்டைக்கு வந்துவிடுவார்கள். கடைசியில் கல்யாணம், சில சமயம் முதுமை வரைக்கும் ஓர் ஓட்டம், பிறகு வெளியேற்றம்.

இதில் வாசகரை நிஜமாகக் கட்டிப்போடுவது அந்த ‘ஒரே உயிர்’ விதிதான். ஏழேழு ஜென்மத்துக்கும் நீயே துணை என்ற நினைப்பு நம் வீடுகளில் கல்யாணப் பாட்டு, சினிமா, பாட்டி சொல்லும் கதை எல்லாவற்றிலும் ஊறியிருக்கிறது. சீனத்தில் பிறந்த இந்த வடிவம் தமிழில் அந்நியமாகத் தெரியாததற்கு அது முக்கியமான காரணம். இன்னொன்று, கண்டுபிடிக்கும் சுகம். புதிய உலகத்தில் மூன்று நான்கு ஆண்கள் வருவார்கள். அவன் யார் என்று நாயகிக்கு முன்பே வாசகிக்குத் தெரிந்துவிடும். தட்டிலிருக்கும் மீனில் முள் எடுத்து அவள் பக்கம் தள்ளிவைக்கிற பழக்கம் போன உலகத்துத் தளபதிக்கு இருந்தது. இந்த உலகத்துப் பல் மருத்துவனும் அதையே செய்கிறான். அந்த ஒரு வரிக்காக நாற்பது எபி காத்திருக்கலாம். நல்ல எழுத்தாளர்கள் அடையாளத்தைச் செயலில்தான் வைப்பார்கள். மச்சம், தழும்பு, நீலக் கண் என்று உடம்பில் வைத்தால் இரண்டாவது உலகத்திலேயே சலித்துவிடும்.

தமிழ் இணையத் தொடர்களின் போக்கையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். ‘ஆன்டி ஹீரோ’ என்ற தலைப்பில் கட்டாயத் தாலி, கடத்தல், அறைதல், அடைத்து வைத்தல் எல்லாம் காதலின் முதல் கட்டமாக எழுதப்பட்டு, கடைசி இரண்டு எபியில் ஒரு மன்னிப்போடு கழுவிவிடப்படுகின்றன. அவற்றை ஆண்டுக்கணக்கில் படித்து மனம் கசந்த வாசகி, ‘சாப்பிட்டியா’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிஜமாகவே காத்திருக்கும் ஓர் ஆணைப் பார்த்ததும் தங்கிவிடுகிறாள். இதை இளக்காரமாகப் பேசுவது அநியாயம். ஒருநாள் முழுக்க வார்டில் நின்றவளுக்கும், முந்திரி ஆலையில் தோல் உரித்துவிட்டு வந்தவளுக்கும், முடிவு நல்லதாகத்தான் இருக்கும் என்ற உறுதியே ஓர் ஓய்வு. முடிவு முன்பே தெரிந்திருந்தாலும் அந்த ஓய்வு கெடாது. எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்கத்தான் அவள் வந்திருக்கிறாள்.

இந்த வடிவம் ஏன் இப்படி ஆனது என்பதற்குப் பணக் காரணம் ஒன்று உண்டு. சீனாவின் சீத்யான் என்ற இணைய நாவல் தளம் 2003-ல் எழுத்துக் கணக்கில் கட்டணம் வாங்கத் தொடங்கியது. பெண் வாசகர்களை மையமாகக் கொண்ட ஜின்ஜியாங் தளத்தில் நெடுங்காலம் வழக்கிலிருந்த விலை ஆயிரம் எழுத்துக்கு 3 ஃபென். 100 ஃபென் ஒரு யுவான். ஓர் எபி 3,000 எழுத்து, ஓர் உலகம் 30 எபி, மொத்தம் பத்து உலகம் என்று வைத்தால் ஒன்பது லட்சம் எழுத்து. முழுத் தொடருக்கும் ஒரு வாசகி கொடுப்பது 27 யுவான், அதிலும் தளத்துக்குப் பங்கு. அதனால் எழுதுகிறவர் நீளமாக எழுதியே ஆகவேண்டும், தினமும் எழுதியே ஆகவேண்டும். நாளுக்கு 6,000 எழுத்து அங்கே சாதாரண வேகம். ஒரே கதையை அந்த வேகத்தில் ஒன்பது லட்சம் எழுத்துக்கு இழுத்தால் முடிச்சுகள் சிக்கிக்கொள்ளும். முப்பது எபிக்கு ஒருமுறை பலகையைத் துடைத்துவிட்டுப் புதிய உலகம் தொடங்கினால் சிக்கல் இல்லை. ஓர் உலகம் எடுபடவில்லையா, சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். இந்தக் கதைகள் முத்தத்தோடு திரை போடுவதற்கும் வெளிக் காரணம் இருக்கிறது: 2014-ல் சீன அரசு இணையத்தைச் சுத்தப்படுத்தும் நடவடிக்கை எடுத்தபோது, கழுத்துக்குக் கீழே எதையும் வர்ணிக்கக் கூடாது என்று ஜின்ஜியாங் விதி கொண்டுவந்தது. நெருக்கத்தைக் காட்ட எழுத்தாளர்களுக்கு மிஞ்சியது சாப்பாடு, போர்வை, குடை, காய்ச்சல் நேரக் கஞ்சி. இனிப்பின் பெரும் பகுதி அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வளர்ந்ததுதான்.

எழுதுகிறவரைக் காப்பாற்றும் அந்தத் துடைப்புதான் கதையைக் கெடுப்பதும். ஓர் உலகத்தில் நாயகி நாற்பது வருடம் ஒருவனோடு வாழ்ந்து, பிள்ளை பெற்று, அவனைப் புதைத்துவிட்டு வருகிறாள். அடுத்த எபியில் பள்ளிக்கூடச் சீருடையில் துள்ளிக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பிள்ளைகள் எங்கே? சில தொடர்களில் சிஸ்டம் ஒரு பொத்தானை அழுத்தி உணர்ச்சியைத் துடைத்துவிடும். அதைப் படித்த நொடியில் முந்தைய முப்பது எபியும் செல்லாத நோட்டாகிவிடும். அழிக்கக்கூடிய அன்புக்கு வாசகி ஏன் மனசைக் கொடுக்கவேண்டும்? இந்த வகையில் நல்லதையும் மட்டமானதையும் பிரிப்பது இந்த ஒரே கேள்விதான்: ஓர் உலகத்திலிருந்து அடுத்த உலகத்துக்கு அவள் எதை எடுத்துப்போகிறாள்? நினைவு, கைப்பழக்கம், ஒரு பயம், ஒரு வருத்தம், ஏதாவது ஒன்று கூடவே போகவேண்டும். போகாவிட்டால் பத்துச் சிறுகதைகளை வரிசையாக அடுக்கியதற்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது.

மதிப்பெண் முறையும் இதே இடத்தில்தான் சறுக்குகிறது. ‘ஹீரோவின் அன்பு 45, இப்போது 52’ என்று சிஸ்டம் சொல்லிக்கொண்டே இருந்தால், அவன் மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று நாயகியும் யோசிக்கமாட்டாள், வாசகியும் யோசிக்கமாட்டாள். முதல் உலகத்தோடு அந்த எண்ணை ஒளித்துவிடுகிற தொடர்கள் தேறுகின்றன.

உடம்புக்குச் சொந்தக்காரியையும் மறந்துவிடுகிறார்கள். அவளுக்கு ஓர் அம்மா இருக்கிறாள். மகள் போய்விட்டாள், மகள் உடம்பில் வேறொருத்தி உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. இதை ஒரு எபியாவது தொட்டுப் போகிற எழுத்தாளரை நம்பலாம்.

பெண்ணுக்குப் பெண் எதிரி என்பது இந்த வகையின் சோம்பேறித்தனம். பத்து உலகத்திலும் வில்லி ஒரே அச்சு: வெள்ளை உடை, கண்ணில் தண்ணீர், உள்ளே விஷம். ஹீரோயினைக் கெடுத்த ஆண் ஒரு வரியில் காணாமல் போவான். மூக்குடைப்பு எல்லாம் அந்தப் பெண்ணுக்கே. அதைவிட ஆபத்தானது, ஹீரோவின் பிடிவாதத்தை இனிப்பாகப் பரிமாறுவது. அவள் கைப்பேசியைப் பார்ப்பது, எங்கே போகிறாள் என்று ஆள் வைத்துத் தெரிந்துகொள்வது, மற்ற ஆண்களோடு பேசினால் அவர்கள் வேலையைப் பறிப்பது எல்லாம் ‘அவ்வளவு பாசம்’ என்ற கணக்கில் வரும். ஆன்டி ஹீரோ செய்ததைத்தான் இவனும் செய்கிறான், சிரித்துக்கொண்டே செய்கிறான். சிறுமியாக எடுத்து வளர்த்தவனே வளர்ந்தபின் கல்யாணம் செய்துகொள்ளும் உலகங்களும் உண்டு. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் இந்தத் தொடர்களைப் படிக்கிறார்கள். அந்த உலகங்களைத் தாண்டிப் போகச் சொல்லிக்கொடுப்பது வீட்டிலுள்ள அக்காமார் கடமை.

உலகங்கள் அட்டைப்பெட்டியாக இருப்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் தமிழில் எழுதத் தொடங்குகிறவர்கள் அதிகம் விழும் குழி இதுதான். ‘பழங்காலம்’ என்றால் அரண்மனை, பட்டு, ஒரு பொறாமைக்கார ராணி. எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டால் பதில் இருக்காது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1956 நவம்பர் 1 வரை இது தமிழ்நாட்டில் இல்லை, திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. 1930-களில் நாகர்கோவில் கடைத்தெருவில் விழிக்கும் நாயகி அணாவைத் தேடினால் மாட்டிக்கொள்வாள். அங்கே புழங்கியது சக்கரம்: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு ரூபாய். தேதியைக் கேட்டால் கொல்லம் ஆண்டில் சொல்வார்கள். கிறிஸ்து ஆண்டு தெரியவேண்டுமானால் 825 கூட்டவேண்டும், கிறிஸ்து ஆண்டின் கடைசி மாதங்களென்றால் அதில் ஒன்று குறைத்து 824. இப்படி ஒரு தடுமாற்றம் முதல் எபியில் இருந்தால் அந்த உலகம் எழுந்து நின்றுவிடும்.

இன்னும் முன்னால் போனால் இனிப்பே நின்றுபோகும். 1850-களில் கல்குளம் பக்கத்து ஒரு நாடார் பெண்ணின் உடம்பில் விழிப்பவள், இன்றைய பழக்கத்தில் மேலே ஒரு துணியை எடுத்துப் போர்த்திக்கொண்டு சந்தைக்குப் போவாள். அந்த ஒரு செயலுக்காகவே பெண்கள் அடிபட்ட காலம் அது. 1859-ல் வந்த அரசாணையும் தோளை மறைத்துக்கொள்ள அனுமதித்ததே தவிர, உயர்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது என்றே சொன்னது. அந்தக் காலத்தைத் தொடுகிறவர் முழுமையாகத் தொடவேண்டும். அழகான பின்னணிக்காக மட்டும் தேவையென்றால் வேறு காலம் தேடிக்கொள்வது மரியாதை.

எதிர்காலம் தெரிந்த நாயகியும் அப்படியே. அவள் அந்த அறிவை நிலம் வாங்கவும், பரீட்சைக் கேள்வியை முன்கூட்டிப் படிக்கவும், வில்லியை மாட்டிவைக்கவும் பயன்படுத்துவாள். 2017 நவம்பர் மாதம் சின்னத்துறையிலோ வள்ளவிளையிலோ ஒரு மீனவர் வீட்டில் அவள் விழித்தால் என்ன ஆகும்? 30-ம் தேதி ஓகி புயல் வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். ஆழ்கடலுக்குப் போனவர்கள் வாரக்கணக்கில் கடலிலேயே தங்குகிறவர்கள். கரையில் நின்று யார் கத்தினாலும் கேட்காத தூரத்தில் இருப்பார்கள். ஹீரோ ஒருவனை மட்டும் கரையில் பிடித்து நிறுத்திவிட்டுக் கல்யாணம் முடித்துவைக்கிற எபியை அந்த ஊர்க்காரர் யாரும் படிக்கமாட்டார்கள், படிக்கவும் கூடாது. எதிர்காலம் தெரிகிற சக்தியைக் கொடுத்தால் அதற்கான பொறுப்பையும் கதையில் கொடுக்கவேண்டும். இனிப்பான வடிவத்தால் சில ஆண்டுகளைத் தூக்க முடியாது. அந்த ஆண்டுகளை விட்டுவிட வேண்டியதுதான்.

படிப்பவர்களுக்கு இனி. தொடர் நல்லதா என்று முதல் உலகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எல்லாரும் முதல் உலகத்தை நன்றாகத்தான் எழுதுவார்கள். இரண்டாவது உலகத்தின் முதல் இரண்டு எபியைப் பாருங்கள். முன்பு கற்றது, இழந்தது ஏதாவது அவளிடம் தெரிகிறதா? தெரியாவிட்டால் அங்கேயே இறங்கிவிடுங்கள். பிடித்த தொடரிலும் நடுவில் வரும் நான்கைந்து உலகங்கள் பெரும்பாலும் தொய்வாக இருக்கும்: கைவசமிருந்த நல்ல யோசனைகள் வாசகரைப் பிடிக்க முன்னாலேயே செலவாகிவிடும், ஹீரோவின் ரகசியம் கடைசிக்கென்று பத்திரப்படுத்தப்படும். நடுவில் சிலவற்றைத் தாண்டிப் போவதால் எதுவும் கெட்டுவிடாது.

காசுக் கணக்கை முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஓர் எபிக்குக் காயின் (செயலியில் காசு கொடுத்து வாங்குவது) கணக்கில் இரண்டு ரூபாய் என்றால் சின்னதாகத்தான் தெரியும். 300 எபி என்றால் 600 ரூபாய். எத்தனை எபி, எழுதி முடிந்துவிட்டதா என்று பார்த்தபின் காயின் வாங்குங்கள். காசு கொடுக்க மனமில்லாமல் திருட்டுத் தளங்களுக்குப் போகிறவர்களுக்கு எந்திர மொழிபெயர்ப்புதான் கிடைக்கும். ஒவ்வொரு எபியும் தனித்தனியாக எந்திரத்தில் போவதால் ஹீரோவின் பெயர் எபிக்கு எபி மாறும், ஒரே பத்தியில் அவன் அவராகி அவளாவான். அங்கே செயலிக் கோப்பை இறக்கி நிறுவச் சொன்னால் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

ராத்திரி ஒரு மணி வரை இழுத்துக்கொண்டு போவதைத் தடுக்க ஓர் எளிய வழி இருக்கிறது. எபி முடிவில் நிறுத்த முயலாதீர்கள், முடியாது. கடைசி இரண்டு வரி உங்களை அடுத்ததற்கு இழுப்பதற்கென்றே எழுதப்பட்டது. எபியின் பாதியில் நிறுத்துங்கள். கொஞ்சல் நடந்துகொண்டிருக்கும் இடத்தில் மூடிவைத்தால் மனம் அமைதியாக இருக்கும், தூக்கமும் வரும்.

பிரதிலிபி போன்ற தளங்களில் தாங்களே எழுதிப்பார்க்க நினைக்கிறவர்களுக்கு: முப்பது எபி வேண்டாம், ஓர் உலகத்துக்குப் பன்னிரண்டு போதும். ஒவ்வொரு உலகத்துக்கும் நாயகிக்குத் தெரியாத ஒரு தொழில் வையுங்கள். தோவாளையில் மாலை கட்டும் குடும்பத்து மகளாக அவள் விழிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். உடம்புக்காரியின் நினைவு வந்துவிட்டது, ஆனால் கைக்கு வரவில்லை. மாணிக்கமாலைக்குச் செவ்வரளியையும் வெள்ளை அரளியையும் மடித்து, நொச்சி இலையோடு மணி மணியாக வரிசை சேர்க்கவேண்டும். இவள் விரலில் இதழ் கிழிகிறது. அம்மா தலை நிமிராமலே மகளைக் கேட்பாள்: “என்ன மக்களே, கை மறந்து போச்சா?” ஒரு வரியில் பயமும் பாசமும் வந்துவிட்டன, வில்லி தேவைப்படவில்லை. பூ மூட்டை ஏற்ற வருகிறவன் ஹீரோவாக இருக்கட்டும். பிச்சிப்பூ விலை ஏறும் ஓண நேரத்தில், எல்லாரும் விடியும் முன்னே ஓடிக்கொண்டிருக்கும்போது, அவன் அவள் கிழித்த இதழ்களை யாரும் பார்க்குமுன் கூட்டி அள்ளிக்கொண்டு போகிறான். காதலுக்கு நான்காவது எபியில் இவ்வளவு போதும்.

மூக்குடைப்பு வேண்டுமென்றால் எடையில் ஏமாற்றும் இடைத்தரகருக்குக் கொடுங்கள். ஒன்பதாவது எபியில் முடிச்சு: அம்மா கண்டுபிடித்துவிடுகிறாள். இங்கே அவசரப்படக் கூடாது, ஒரு முழு எபியை அவளுக்கே கொடுக்கவேண்டும். மற்ற எபிகளில் எங்கே வேண்டுமானாலும் சுருக்குங்கள், இதில் மட்டும் சுருக்காதீர்கள். அடுத்த உலகம் விண்வெளிக் கப்பலாக இருந்தாலும் பரவாயில்லை, முதல் எபியில் எதையோ கட்டவோ மடிக்கவோ வேண்டிய இடம் ஒன்று வரட்டும், அவள் விரல் தானாக அந்த மடிப்பைப் போடட்டும்.

பன்னிரண்டு எபியையும் எழுதி முடித்தபின் முதல் எபியை வெளியிடுங்கள். எபிக்கு 1,200 சொல் என்றால் மொத்தம் 14,400 சொல். வாரம் மூன்று என்று போட்டால் நான்கு வாரம் ஓடும். அந்த நான்கு வாரத்துக்குள் இரண்டாவது உலகத்தில் பாதியையாவது எழுதிவிட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வாரம் இரண்டாகக் குறைத்துவிட்டு, அதை முதல் எபியின் கீழேயே வாசகர்களிடம் சொல்லிவிடுங்கள்.